உப்பு வண்டியின் நாற்பத்தொரு வரைவுகள்

கவிஞர்களின் பொறாமையைப் பரிசுகளால் அளக்கலாம் என்று நினைப்பவர்கள் கவிஞர்களோடு பழகாதவர்கள். அறுபது வயது தாண்டிவிட்டால் எல்லாம் அடிக்கணக்குதான். ஒருவருடைய காகிதங்கள் பல்கலைக்கழக நூலகத்து அலமாரியில் எத்தனை அடி நீளத்துக்கு நிற்கின்றன என்பதுதான் பேச்சு. நூலகத்தார் உண்மையாகவே அப்படித்தான் அளக்கிறார்கள், பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, நாடா பிடித்து.

தோர்வால்ட் ராஸ்க் நாற்பத்திரண்டு அடி. ஆரின் டாப்லி பூஜ்யம்.

இருவரும் விஸ்கான்ஸின் மாநிலத்துக் கவிஞர்கள். ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் முப்பது வருஷம் கவிதை எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள், அதாவது சம்பளத்துக்கு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். ராஸ்க்கின் காகிதங்களை நூலகம் மூன்று வருஷத்துக்கு முன்பே வாரிக்கொண்டு போய்விட்டது. மளிகைச் சீட்டு, பல் வைத்தியர் ரசீது, முதல் மனைவிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம், இரண்டாம் மனைவிக்கு அனுப்பியே இருக்கக் கூடாத கடிதம் எல்லாம் அங்கே குளிர்பதன அறையில், ராஜமரியாதையோடு இருக்கின்றன.

"அவனோட பல்லு ரசீது கூட உள்ள இருக்கு வெர்னா," என்று டாப்லி புலம்பாத வாரம் கிடையாது. "நூறு வருஷம் கழிச்சு எவனாவது அவன் கடைவாய்ப் பல்லை ஆராய்ச்சி பண்ணி டாக்டர் பட்டம் வாங்குவான். என்னைப் பத்தி யாரு எழுதுவா?"

"உன் பல்லு நல்லாத்தானே இருக்கு," என்பாள் அவர் மனைவி வெர்னா.

வெர்னா முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். நாற்பது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கூச்சல் போட, கண்ணாடியில் பனி அடிக்க, நேராகப் பார்த்து வண்டி ஓட்டிப் பழகியவள். ஒற்றைக் கவிஞனின் புலம்பலெல்லாம் அவளுக்கு எம்மாத்திரம்?

டாப்லி எழுதியது பதினோரு தொகுப்பு. உலகம் படித்தது ஒரே ஒரு கவிதை. அதன் பெயர் 'உப்பு வண்டி'. பனி கொட்டும் ராத்திரியில், கவிஞரின் அப்பா, நகராட்சியின் உப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார். அவர் உப்புத் தூவி உருக்கிக் கொடுத்த பாதையில் பின்னாலேயே ஆம்புலன்ஸ் வருகிறது, அதற்குள் பிரசவ வலியில் ஒரு பெண். குழந்தை பிறக்கிறது. 'எங்கள் ஊரின் உப்பு என் அப்பா' என்று முடிகிறது. படித்தால் கண் கலங்கும், ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அந்த மாதிரிக் கவிதைதானே பாடப்புத்தகத்துக்குத் தோது? எட்டாம் வகுப்பில் வைத்தார்கள். சாலைத் துறை ஊழியர் யார் செத்தாலும் சவ அடக்கத்தில் அதைத்தான் வாசிக்கிறார்கள்.

இந்தக் கவிதை பிறந்த கதையை டாப்லி மேடைக்கு மேடை சொல்வார். "பதினோரு மாசம். நாற்பத்தொரு டிராஃப்ட். ஒவ்வொரு வார்த்தையையும் தராசுல வெச்சு நிறுத்தேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கூட்டம் உச்சுக்கொட்டும். வெர்னா முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவாள்.

அத்தனையும் புளுகு. 1979 ஜனவரியில், காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில், படுக்கைவிரிப்பு காய்கிற இருபது நிமிஷத்தில் எழுதி முடித்தது அது. அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. பென்சில் கூட அவருடையது இல்லை. பக்கத்து இயந்திரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இரவல் வாங்கினார். திருப்பித் தரவில்லை. அதைக் கேட்டு வாங்கப் போன அந்தப் பெண்தான் மறுவருஷம் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஆனால் இருபது நிமிஷத்தில் எழுதியது என்று மேடையில் சொன்னால் மரியாதை இருக்குமா? தச்சன் இருபது நிமிஷத்தில் நாற்காலி செய்தால் கெட்டிக்காரன் என்பார்கள். கவிஞன் செய்தால் சோம்பேறி என்பார்கள். முதல் தடவை ஒரு அம்மாள் கேட்டபோது பதினோரு வரைவு என்றார். அடுத்த வருஷம் பதினெட்டு. ராஸ்க் தன்னுடைய ஒரு கவிதைக்கு முப்பது வரைவு என்று எங்கோ சொன்னதாகக் காதில் விழுந்ததும் இவர் நாற்பத்தொன்றுக்குத் தாவினார். அந்த வருஷம் பார்த்துப் பாடப்புத்தகம் அச்சாகிவிட்டது. கவிதைக்குக் கீழே பயிற்சிக் கேள்வி: 'கவிஞர் இதை எத்தனை முறை திருத்தி எழுதினார்? இதிலிருந்து நாம் கற்பது என்ன?' அதற்கப்புறம் எண்ணை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். டாப்லியின் புளுகு முப்பது வருஷம் சாயம் போகாமல் நின்றது.

அப்படி இருக்கையில்தான் போன வருஷம் நவம்பரில் இமோஜின் ஷுல்ட்ஸ் வீடு தேடி வந்தாள். நூலகத்தின் கையெழுத்துப் பிரிவுக்குத் தலைவி. சின்ன வயசு, பெரிய கண்ணாடி, கைப்பையில் அளவுநாடா. டாப்லியின் நிலவறைக்குள் இறங்கி ஒரு மணி நேரம் அளந்தாள். ஒன்பது அடி நாலு அங்குலம் வந்தது. அதில் இரண்டு அடி பழைய தொலைபேசிப் புத்தகங்கள் என்று வெர்னா உருவி வெளியே போட்டாள்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள் இமோஜின், காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு. "இடம் ரொம்ப நெருக்கடி. இந்த மாதிரி கடிதம், ரசீதெல்லாம் நாங்க இப்ப எடுக்கறதில்ல."

"ராஸ்க்கோட ரசீதை எடுத்தீங்களே?"

"அதுக்கப்புறம்தான் இடம் நெருக்கடி ஆச்சு."

டாப்லியின் முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பெண் அவசரமாகக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா உப்பு வண்டி விஷயமே வேற. நான் எட்டாங்கிளாஸ்ல அதைப் படிச்சுத்தான் இந்த வேலைக்கே வந்தேன். நாற்பத்தொரு டிராஃப்ட்! அது மட்டும் முழுசா இருந்தா, சார், தனி அறையே தருவோம். கண்ணாடிக் கதவுல உங்க பேரு. இருக்குல்ல?"

வெர்னா வாயைத் திறந்தாள். டாப்லி முந்திக்கொண்டார்.

"இல்லாம? மாடியில இருக்கு. அடுக்கணும்."

"நாற்பத்தொண்ணுமா?"

"ஒண்ணு குறையாது. ஏப்ரல்ல வாங்க."

அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் வெர்னா கணவரைப் பார்த்தாள்.

"மாடியில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப?"

"தனி அறை, வெர்னா. ராஸ்க்குக்கு அறை கிடையாது. அலமாரிதான்."

"உனக்கு எழுபத்திரண்டு வயசு ஆகுது."

"அதைத்தான் நானும் சொல்றேன். வேற என்ன இருக்கு எனக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வியில் நடிப்பு இல்லை. பதினைந்து வருஷமாக உருப்படியாக ஒரு வரி எழுதாத மனிதர் அவர். பிள்ளைகள் இல்லை. பழைய மாணவர்கள் கடுதாசி போடுவதை நிறுத்தி வெகுநாள் ஆயிற்று. அந்தக் கண்ணாடிக் கதவு கிடைக்காவிட்டால் தான் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது என்று அவர் நிஜமாகவே பயந்தார். வெர்னாவுக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான், திட்டிக்கொண்டே உதவி செய்தாள்.

காகிதம் அவள் பக்கத்திலிருந்து வந்தது. அவளுடைய மாமா ஒருவர் காகித ஆலையில் வேலை பார்த்தவர். அவர் செத்தும் காலி செய்யாத வண்டிக் கொட்டகையில் 1978ஆம் வருஷத்து முத்திரையோடு நாலு கட்டு காகிதம் பிரிக்காமல் கிடந்தது. தட்டச்சு இயந்திரம் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது, அந்தக் காலத்து ரிப்பனோடு. தட்டச்சு செய்த தாள்களை வெர்னா ரொட்டி சுடும் அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்துப் பழுப்பாக்கினாள். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காப்பிக் கோப்பையை வைத்து வட்டம் போட்டாள்.

"இந்த அடுப்புல ரொட்டி சுட்டிருக்கேன், வாத்து சுட்டிருக்கேன்," என்றாள். "கவிதை சுடறது இதான் முதல் தடவை."

"ஓரம் கருகிடப் போகுது, பாரு."

"கருகட்டுமே. வேதனையில எரிக்கப் பாத்தேன்னு சொல்லிக்கோ." 

டாப்லி அதையும் குறித்துக்கொண்டார்.

வேலையை அவர் கடைசியிலிருந்து தொடங்கினார். நாற்பத்தொன்றாவது வரைவு அச்சில் வந்த கவிதை. நாற்பதில் ஒரு காற்புள்ளி குறைவு. முப்பத்தொன்பதில் ஒரு உவமை அதிகம். இப்படியே பின்னுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கெடுத்துக்கொண்டே வந்தார். நல்ல கவிதையைக் கெடுப்பது ஒரு பேராசிரியருக்குப் பெரிய காரியமா? முப்பது வருஷம் மாணவர்களுக்கு அதைத்தானே செய்தார்! மூன்று வாரத்தில் முப்பதாவது வரைவுக்கு இறங்கிவிட்டார். ஆம்புலன்ஸை எடுத்துவிட்டு அங்கே ஒரு பாதிரியாரை வைத்தார். பிரசவத்தை எடுத்துவிட்டு ஒரு குதிரையை வைத்தார். பிறகு சரக்கு தீர்ந்துவிட்டது.

ஜனவரி முழுக்க ஒரு வரி கூடச் சுலபமாக ஓடவில்லை. இருபதுகளை ஏதோ ஒப்பேற்றினார். பதினெட்டை அடைந்தபோது கெடுப்பதற்கே ஒன்றும் மிச்சமில்லை. இந்தக் கவிதைக்கு முன்னால் என் மனசில் உண்மையாகவே என்ன இருந்திருக்கும் என்று, வேறு வழியில்லாமல், எழுபத்திரண்டாவது வயதில், முதல் தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். பாவம், அதுவரை அந்தக் கேள்வி அவருக்குத் தேவைப்படவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பதினேழாவது வரைவு வந்தது. நாலு நாள் தின்னாமல் கொள்ளாமல் உட்கார்ந்து எழுதினார். அதில் ஆம்புலன்ஸ் கிடையாது, குழந்தை கிடையாது, ஊருக்கு உப்பான அப்பாவும் கிடையாது. ஒரு வீடு, ஒரு படி, ஒரு வாளி உப்பு, மாடியில் ஒரு பதினாலு வயசுப் பையன். இப்படிப் போகிறது:

ஊர்ச் சாலைக்குக் கிளம்பும்போது அப்பா சொன்னார்:
நம் வீட்டுப் படிக்கு நீ போடு.
வாளி கதவோரம் இருந்தது.
நான் மாடியில் பனியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்,
அது எவ்வளவு வெள்ளை என்று.
கீழே ஏதோ விழுந்தது.
அந்தச் சத்தத்தையும் எழுதிக்கொண்டேன்.
அப்பா மறந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன்.
அப்பா மறுக்கவில்லை.

அவ்வளவுதான். எழுதி முடித்து, டாப்லி அதை முதல் வரியிலிருந்து திரும்பப் படித்தார். அவருடைய அம்மா அன்று இடுப்பெலும்பு முறிந்து, அதற்கப்புறம் முப்பத்திரண்டு வருஷம் காலை இழுத்து இழுத்து நடந்து செத்துப்போனவள். 'ஊருக்கெல்லாம் உப்பு போட்டாராம், வீட்டுப் படிக்கு ஒரு பிடி போட மனசு வரல' என்று புருஷனைச் சாகும்வரை கரித்துக்கொட்டியவள். அந்த மனிதரும் கேட்டுக்கொண்டு கம்மென்று இருந்தார்.

இதை உருவி வைத்துக்கொள்ளலாமா, புதுக் கவிதை என்று பத்திரிகைக்கு அனுப்பலாமா என்று டாப்லிக்கு ஓர் ஆசை வந்தது. ஆனால் இதை உருவினால் நாற்பதுதான் இருக்கும். பதினேழாவது இடத்தில் வைக்க வேறொன்று எழுதிப் பார்த்தார், வரவில்லை. அதோடு இன்னொரு சௌகரியமும் இருந்தது. வரைவு என்று பெட்டிக்குள் போட்டுவிட்டால் சொன்னதுமாயிற்று, சொல்லாததுமாயிற்று. வேண்டாமென்று தள்ளிய தாளுக்கு யார் கணக்குக் கேட்பார்கள்?

தாளை வெர்னாவிடம் கொடுத்தார். அவள் அடுப்பு முன்னால் நின்று படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"இதையும் சுடணுமா?"

"சுடு."

அவள் தாளை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடினாள். மீதிப் பதினாறு வரைவுகளை டாப்லி ஒன்பது நாளில் கிறுக்கித் தள்ளினார். ஏப்ரலில் இமோஜின் வந்து, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அறை திறப்பு விழா இந்த அக்டோபரில் நடந்தது. கண்ணாடிக் கதவில் 'ஆரின் டாப்லி அறை' என்று பொன்னிற எழுத்து. டாப்லி அதை நாலு கோணத்தில் நின்று பார்த்தார். உள்ளே கூட்டமான கூட்டம். பேராசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், எட்டாம் வகுப்பு ஆசிரியைகள், பல்குத்தியில் செருகிய பாலாடைக்கட்டி. ராஸ்க் கைத்தடியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இமோஜின் மேடை ஏறினாள்.

"நாற்பத்தொரு டிராஃப்ட்டையும் நாலு மாசம் படிச்சேன்," என்று தொடங்கினாள். "காகிதத்தைச் சோதிச்சோம், எழுபத்தெட்டுல செஞ்சது. மெஷினும் அந்தக் காலத்துதான். ரிப்பன் மையும் சரியா இருக்கு. சந்தேகத்துக்கே இடமில்ல."

டாப்லிக்குப் பெருமூச்சு வந்தது. வெர்னா பாலாடைக்கட்டியை மென்றாள்.

"ஆனா நான் இன்னிக்குப் பேசப் போறது உப்பு வண்டியைப் பத்தி இல்ல. அது எப்படிக் கெட்டுப்போச்சுங்கறதைப் பத்தி." சொல்லிவிட்டுப் பதினேழாவது வரைவை வாசித்தாள்.

அவையில் ஓர் இருமல் கிடையாது. நாற்பது வருஷம் மேடை ஏறிய டாப்லிக்கு அந்த மாதிரி மௌனம் வாய்த்ததே இல்லை. பின்வரிசையில் ஒரு ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவர் மார்பு புடைக்க எழுந்திருக்கப் போனார். அதற்குள் அவள் அடுத்ததைச் சொன்னாள்.

"இதை எழுதினவருக்கு இருபத்தேழு வயசு. அவர் கையில அமெரிக்கக் கவிதையே இருந்துச்சு. அப்புறம் பயந்துட்டார். இருபத்துநாலு தடவை திருத்தி, உண்மையை ஒண்ணொண்ணாக் கழுவி விட்டு, கடைசியில நமக்கு ஒரு வாழ்த்து அட்டையைக் குடுத்தார். திருத்தினா கவிதை நல்லாகும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தோமே, நாம மன்னிப்புக் கேட்கணும்."

ஆசிரியைகள் குறிப்பு எடுத்துக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் ராஸ்க் தடியை ஊன்றி வந்து டாப்லியின் தோளைப் பிடித்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. டாப்லி ஆயுள் முழுக்க எதிர்பார்த்த ஈரம் அது.

"டேய் ஆரின், பாவி! இருபத்தேழு வயசுலயே உனக்கு இது கைவந்திருக்கு. நான் நாப்பது வருஷமா உன்னோட உதவாக்கரைக் கவிதையைப் பாத்துப் பொறாமைப்பட்டேன். ஏண்டா இதைக் கெடுத்த?"

"இருபத்தேழு இல்லடா. இந்த பிப்ரவரியில எழுதினேன்."

ராஸ்க் சிரித்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"போடா. இந்த வயசுலயா? நம்மால முடியுமா?"

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் டாப்லியைச் சுட்டது. தன்னுடைய ஆகச் சிறந்த கவிதையை எழுபத்திரண்டு வயதில் எழுதிவிட்டு, இல்லாத ஒரு இருபத்தேழு வயதுப் பையனிடம் அதைப் பறிகொடுத்துவிட்டு, அந்தப் பையனைக் கெடுத்த கிழவன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு நிற்பதா? விறுவிறு என்று மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க. பதினேழாவது டிராஃப்ட் பழசு இல்ல. போன பிப்ரவரியில எழுதினது. நான் எழுதினது. இப்ப இருக்கற நான்."

அவை ஒரு கணம் திகைத்தது. பிறகு யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கவிஞர்கள் புதிதாக எழுதியதைத்தான் நல்லது என்பார்கள், அது ஊர் அறிந்த விஷயம். இமோஜின் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, வெளுத்த முகத்தோடு கிசுகிசுத்தாள்.

"சார், அப்படின்னா மத்த நாற்பது?"

டாப்லி கதவைப் பார்த்தார். பொன்னிற எழுத்து இந்தப் பக்கத்திலிருந்து இடவலம் மாறித் தெரிந்தது.

"அதெல்லாம் பழசு," என்றார். "இது ஒண்ணு மட்டும்தான் புதுசு. வேணும்னா என் பெண்சாதியைக் கேளுங்க. அவதான் இதை அடுப்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "அவதான் முதல்ல படிச்சா."

நூறு தலைகள் வெர்னா பக்கம் திரும்பின. அவள் பல்குத்தியைக் காகிதக் கைத்துண்டில் சுற்றி வைத்தாள். கணவரை நேராகப் பார்த்தாள், பேருந்தின் கண்ணாடியில் கலாட்டா செய்யும் பிள்ளையைப் பார்ப்பாளே, அப்படி.

"பிப்ரவரி முழுக்க ஆரினுக்குக் காய்ச்சல்," என்றாள். "படுத்தே கிடந்தார். இப்பவும் சில நேரம் பிதற்றுவார்."

அவை அன்போடு கைதட்டியது. இமோஜினுக்கு உயிர் வந்தது. யாரோ டாப்லியின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் பதினேழாவது வரைவைப் பற்றியே பேசினார்கள், செத்துப்போன ஒரு பெரிய மனுஷனைப் பற்றி அவருடைய உறவுக்காரனிடம் பேசுவது போல.

வீட்டுக்கு இரண்டு மணி நேரப் பயணம். வெர்னாதான் ஓட்டினாள். ஊர் எல்லை தாண்டியதும் டாப்லி வெடித்தார்.

"ஏன் அப்படிச் சொன்ன? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா..."

"முப்பத்தெட்டு வருஷம் நீ மேடையில பொய் சொன்னப்பெல்லாம் முன்னால உட்கார்ந்து தலையாட்டினேன். அப்பல்லாம் ஏன்னு கேட்டியா?"

"அது வேற. இது என் உயிர். என் வாழ்நாள்லயே நான் எழுதின ஒரே நல்ல கவிதை. அதை எவனோ எழுதினான்னு சொல்றாங்க."

வெர்னா ஒரு லாரியைத் தாண்டினாள்.

"அந்தப் படி விஷயம் நெஜமா?"

டாப்லி வெளியே பார்த்தார். இரு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்காடு.

"நெஜம்."

"உங்கப்பாதான் மறந்தார்னு நீதான் சொன்னியா?"

"ஆமா."

"நானும் அவரைத் திட்டியிருக்கேன், ஆரின். உங்கம்மாவைக் குளிப்பாட்டும்போதெல்லாம் திட்டியிருக்கேன். அவர் செத்த அன்னிக்குக் கூட, ஒரு பிடி உப்புக்கு வக்கில்லாத மனுஷன்னு சமையக்கட்டுல நின்னு சொன்னேன். நீ பக்கத்துல நின்னு காப்பி குடிச்சுக்கிட்டு இருந்த."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல வெர்னா."

"இன்னிக்கு மைக் கெடச்சுது. நூறு பேர் இருந்தாங்க. வாயைத் திறந்து ஒத்துக்கவும் செஞ்ச. எதை ஒத்துக்கிட்ட? எழுதின மாசத்தை. அந்தப் பையன் நான்தான்னு ஒரு வார்த்தை வந்துச்சா? எங்கப்பா மேல பழி போட்டேன்னு வந்துச்சா? கவிதையை எப்ப எழுதினேங்கறதுதான் உனக்குப் பெரிசு."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, அது டாப்லிக்குத் தெரியும். வெட்கமாகக்கூட இருந்தது. எட்டு மைல், பத்து மைல் தூரம் அந்த வெட்கம் இருந்தது. இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். அழப்போகிறார் என்று வெர்னா நினைத்தாள், வண்டியின் வேகத்தைக்கூடக் கொஞ்சம் குறைத்தாள்.

"அது இருக்கட்டும்," என்றார் டாப்லி. "படிச்சப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"

வெர்னா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நல்லா இருந்துச்சு," என்றாள். "அதான் எனக்கு வயித்தெரிச்சல்."

"எந்த வரி?" என்று கேட்டார் டாப்லி.